படிப்பை நிறுத்தியது யார்?

(பெற்றோர்கள் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று இக்கூட்டத்தில் நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், "பிள்ளைகள் பாதியில் படிப்பை விடுவதைத் தடுப்பது எப்படி?" என்பதாகும். நமக்கு முன் பேசிய தோழர்கள் கல்வியின் பெருமையைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். அதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கல்வி நல்லது என்று தெரியாதவர் இங்கு ஒருவரும் இருக்க மாட்டார். மகனைப் பள்ளியிலிருந்து எடுத்து விசைத்தறிக்கு அனுப்புகிறவருங்கூட, கேட்டால், "படிப்பு நல்லதுதானுங்க" என்றுதான் சொல்லுகிறார். ஆதலால், நல்லது என்று தெரிந்தே ஒன்றை நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் செய்கிறோமே, அது ஏன் என்பதுதான் யோசிக்க வேண்டிய சங்கதி.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லுகிறோம். எந்த வீட்டிலாவது போய், "பையன் எங்கே படிக்கிறான்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்பதாவதோட நின்னுட்டான்" என்பார்கள். பெண்ணைப் பற்றிக் கேட்டால், "பத்தாவதோட நின்னுட்டா" என்பார்கள். மழை நின்றுவிட்டது, கடிகாரம் நின்றுவிட்டது என்பது போல, யாரும் ஒன்றும் செய்யாமல் தானாகவே நின்று போயிற்று என்பது இதன் அர்த்தம். 14 வயதுப் பிள்ளை தானாக எதைச் செய்து விடும்? ஒரு சென்ட் நிலத்தை விற்க அதனால் முடியுமா? ஓட்டுப் போட முடியுமா? கலியாணம் செய்துகொள்ள முடியுமா? இவற்றுக்கெல்லாம் வயது போதாது என்று சொல்லுகிற நாம், வாழ்நாள் முழுவதையும் கட்டிப் போடுகிற இந்த ஒரு காரியத்துக்கு மாத்திரம் பிள்ளையைப் பொறுப்பாளியாக்கி விட்டு, நாம் விலகிக் கொள்ளுகிறோம். எந்தப் பிள்ளையும் நிற்பதில்லை, நிறுத்தப்படுகிறது என்பதே நமது அபிப்பிராயம். நிறுத்தினவர் யார் என்று தெரிந்தால்தான் தடுக்கும் வழியும் தெரியும்.

சேர்ப்பது வேறு, தங்க வைப்பது வேறு

நம் முன்னோரில் பெரும்பாலோர் பள்ளிக்கூட வாசலிலேயே தடுக்கப்பட்டவர்கள். இன்ன ஜாதிக்கு இன்ன தொழில், பெண்ணுக்கு அடுப்பு என்று சொல்லியே தடுத்தார்கள். அந்த வாசலைத் திறக்கச் செய்வதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜோதிராவ் பூலே 1882-ல் ஹன்டர் கமிஷன் முன்பு, குறைந்தது 12 வயது வரையிலாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கோகலே 1911-ல் கட்டாய ஆரம்பக் கல்வி மசோதா கொண்டு வந்தார். 1912-ல் அதைத் தோற்கடித்தார்கள். கோலாப்பூரில் சாகு மகாராஜா 1917-ல் இலவசக் கட்டாயக் கல்விக்கு உத்தரவு போட்டார். நம் சென்னை மாகாணத்தில் 1920-ல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது.

வாசல் திறந்தது. உள்ளே போனவர்கள் தங்கினார்களா? 1929-ல் ஹார்ட்டாக் கமிட்டியார் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். 1922-23-ல் முதல் வகுப்பில் 100 பிள்ளைகள் இருந்தார்களானால், 1925-26-ல் நாலாம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர். மற்ற 82 பேர் எங்கே? மாடு மேய்க்கவும், தங்கச்சியைத் தூக்கவும், களை எடுக்கவும் போய்விட்டார்கள். அல்லது அதே வகுப்பிலேயே தோற்று உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டைப் பானையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம் என்று கணக்குப் பார்ப்பதால் என்ன பிரயோஜனம்?

1950-ல் அரசியல் சட்டம் எழுதினவர்கள், 14 வயது வரை எல்லோருக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை 10 ஆண்டுகளில் கொடுக்க முயல வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அதாவது 1960-க்குள். அது உரிமையாக ஆனது 2002-ல் செய்த திருத்தத்தினால். அதற்குச் சட்டம் வந்தது 2009-ல். அச்சட்டம் அமுலுக்கு வந்தது 2010 ஏப்ரல் 1-ல். 50 ஆண்டு தாமதம் என்றால், எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அதற்குள் கிழவராகிப் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓட்டை இருக்கும் இடம்

சரி, சமீப காலத்து நிலைமை என்ன? 2021-22-க்கு இந்தியா முழுமைக்கும் சர்க்கார் கொடுத்த கணக்குப்படி, முதல் 5 வகுப்புகளில் பாதியில் போனவர்கள் 100-க்கு ஒன்றரைப் பேர். 6 முதல் 8 வரையில் 3 பேர். 9, 10 வகுப்புகளில் 12 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் அப்பொழுது இது குறைவாக இருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் எந்த வயதில் ஒழுகுகிறது என்பது இங்கும் அதே கதைதான்.

8-ஆம் வகுப்பு வரையில் தாக்குப் பிடித்த பிள்ளை 9-இல் ஏன் போகிறது? அந்த வயதில் பல கைகள் ஒரே சமயத்தில் பிள்ளையைப் பிடித்து வெளியே இழுக்கின்றன. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்று விடுகிறது. பிள்ளைகளை வேலைக்கு வைக்காதே என்று 2016-ல் திருத்திய சட்டமும், ஆபத்தான தொழில்கள் நீங்கலாக, அதே 14 வயதோடு கையை விட்டு விடுகிறது. படி என்ற சட்டமும், வேலைக்கு வைக்காதே என்ற சட்டமும் ஒரே பிறந்தநாளில் பிள்ளையைத் தெருவில் விட்டுப் போகின்றன. அதே வருஷத்தில் ஊரிலுள்ள நடுநிலைப் பள்ளியும் 8-ஆம் வகுப்போடு முடிந்து போகிறது. ஆரம்பப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்று விதி சொல்லுகிறது. உயர்நிலைப் பள்ளிக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அதே வருஷத்தில் பையனுக்குத் தோள் அகலுகிறது, கூலிக்கு ஆகிறான். பெண்ணுக்கு வயது வருகிறது, கலியாணத்துக்கு ஆகிறாள் என்கிறார்கள். பிள்ளை தானாக நின்றது என்று இதற்கு மேலும் யாராவது சொல்ல முடியுமா?

"படிப்பு ஏறவில்லை"

இனி நம் மக்கள் சொல்லும் சமாதானங்களைக் கவனிப்போம். முதலாவது, "அவனுக்குப் படிப்பு ஏறலைங்க, தலையெழுத்து அவ்வளவுதான்" என்பது.

தலையில் எழுதினவன் யார், எப்பொழுது எழுதினான் என்று நாம் கேட்கப் போவதில்லை. ஒரு சங்கதியை மாத்திரம் கேட்கிறோம். 1920-ல் சென்னையில் ஜஸ்டிஸ் கட்சியார் நகரசபையை நடத்தி வந்த போது, தியாகராயச் செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு போட்டார்கள். பிள்ளைகள் வந்தார்கள். 1956-ல் காமராஜர் மதிய உணவை மாகாணத்துக்கே விரித்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலைச் சாப்பாடும் தொடங்கியது. படிக்காதது தலையெழுத்தானால், ஒரு கரண்டி உப்புமாவுக்கு அந்த எழுத்து அழிவானேன்? பசி என்பதற்கு நாம் வைத்த பெயர்தான் விதி என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

படிப்பு ஏறவில்லை என்பதும் அப்படித்தான். 3-ஆம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் விடப்பட்ட பிள்ளை, 8-ஆம் வகுப்பு வரையில் பின் பெஞ்சில் உட்கார்ந்து, தெரியாத பாஷையில் யாரோ பேசுவதைக் கேட்பது போல் 5 வருஷம் கேட்டுக் கொண்டிருக்கிறது. அதைத் தினமும் எழுப்பி நிறுத்தி, "மாடு மேய்க்கப் போ" என்றால், ஒருநாள் அது போகத்தான் செய்யும். பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் 2009 சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடுத்திருக்கிறது. ஆனால் எத்தனை பெற்றோர், "நல்லா நாலு போடுங்க சார்" என்று தாங்களே சொல்லிவிட்டு வருகிறார்கள்! தோல்விதான் பிள்ளையைத் திருத்தும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. 5-ஆம் வகுப்புக்கும் 8-ஆம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைக்க 2019-ல் நம் சர்க்காரே உத்தரவு போட்டது. பலத்த எதிர்ப்பின் மேல் 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கியது. 10 வயதுப் பிள்ளையின் நெற்றியில் தோற்றவன் என்று முத்திரை குத்தினால், அது மறுபடி அதே வகுப்பில் உட்கார்ந்து அறிவாளியாகிவிடுமா, அல்லது வெட்கப்பட்டு வெளியே போகுமா என்பதை நீங்களே யோசியுங்கள்.

"வயிறு இருக்கிறதே!"

இரண்டாவது சமாதானம் வறுமை. இதை நாம் பரிகாசம் செய்ய மாட்டோம். ஆனால் கணக்குப் பார்க்கச் சொல்லுவோம். விசைத்தறி முதலாளியிடத்தில் 20,000 ரூபாய் முன்பணம் வாங்கினோம் என்று வைத்துக் கொள்ளுவோம். அதற்கு ஈடாகப் பையன் போகிறான். அந்தக் கடன் எந்த வருஷத்திலாவது தீருகிறதா? தீபாவளிக்கு மேலும் கொஞ்சம், தங்கை கலியாணத்துக்கு மேலும் கொஞ்சம் என்று வளர்ந்து, பையனுக்கு மீசை முளைத்து, அவன் பிள்ளையும் அதே தறிக்கு வருகிறது. 14 வயதில் கொண்டு வருகிற கூலியையே 40 வயதிலும், விலைவாசிக்குத் தகுந்தபடி கூட்டி, கொண்டு வருகிறான். படிப்பில்லாத கூலிக்கு வளர்ச்சி கிடையாது. இன்றைக்கு வரும் ரூபாயைப் பார்க்கிறோமே தவிர, 25 வருஷத்தில் வராமல் போகும் ரூபாயைப் பார்க்கிறோமில்லை.

சிவகாசியில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பிள்ளைகளை வைத்த கொடுமை சுப்ரீம் கோர்ட் வரையில் போய், ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலைக்கு வைத்தவன் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996-ல் தீர்ப்பாயிற்று. வேலைக்கு வைத்தவனுக்கு அபராதம் போடலாம். அனுப்பி வைக்கும் மனதுக்கு எந்தக் கோர்ட்டு அபராதம் போடும்?

பெண்ணின் கதை

மூன்றாவது சமாதானம் பெண்களைப் பற்றியது. பெண் பெரியவளானவுடன் நாள் கணக்காக வீட்டில் உட்கார்த்தி, பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டிச் சோறு போட்டுச் சீர் வாங்குகிறோம். உடம்பு இயற்கையாய் வளருவதற்கு ஊர்விருந்து எதற்கு? "எங்கள் வீட்டில் கலியாணத்துக்குப் பெண் தயார்" என்ற விளம்பரந்தானே அது? அந்த நாட்களில் விட்டுப்போன பாடம் விட்டுப்போனதுதான். வெட்கத்தோடு திரும்பிப் போகிற பெண்ணுக்குப் பள்ளியில் தண்ணீருள்ள கக்கூஸ் இல்லையானால், மாதா மாதம் இன்னும் சில நாட்கள் போகும். பிறகு "தூரமாய் இருக்கிறது, காலம் கெட்டுக் கிடக்கிறது" என்ற பேச்சு வரும். காலம் கெட்டிருந்தால் கெடுத்தவனைப் பிடித்து அடைக்க வேண்டுமா, கெடாத பெண்ணைப் பிடித்து அடைக்க வேண்டுமா?

கொங்கு நாட்டிலும் திண்டுக்கல் பக்கத்திலும் நூற்பாலைகளில், வயது வந்த பெண்களை விடுதியில் வைத்து, சுமார் 3 வருஷம் வேலை வாங்கி, கடைசியில் மொத்தமாய் ஒரு தொகை தருவதாகச் சொல்லும் ஏற்பாடு பரவலாய் நடந்தது. அதற்கு வைத்த பெயர் சுமங்கலித் திட்டம்! தாலிக்கும் வரதட்சணைக்கும் பெண்ணே தன் இளமையை விற்றுப் பணம் சேர்க்க வேண்டும். அதற்கு மங்களகரமான பெயர். தலைமுறை தலைமுறையாய் நம் பெண்களை ஏமாற்றின தந்திரம் முழுவதும் அந்தப் பெயரில் இருக்கிறது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989 முதல் கலியாண உதவி கொடுத்து வந்தார்கள். 2022-ல் அதை மாற்றி, சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று செய்தார்கள். கலியாணத்துக்குக் கொடுத்த பணத்தைப் படிப்புக்குக் கொடுத்தது மெத்தச் சரி. 2024-ல் பையன்களுக்கும் கொடுத்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சைக்கிள் 11-ஆம் வகுப்பில் வருகிறது. ஆயிரம் ரூபாய் கல்லூரியில் வருகிறது. பெண்ணோ 9-ஆம் வகுப்பில் போய்விடுகிறாள். கரையேறினவர்களுக்குக் கை கொடுப்பது நல்லதுதான். நடு ஆற்றில் இருப்பவர்களுக்கு யார் கை கொடுப்பது?

நம் வீட்டுக் குலக்கல்வி

1953-ல் ராஜாஜி மந்திரிசபையில், கிராமத்துப் பிள்ளைகள் தினம் ஒரு வேளை பள்ளியில் படித்தால் போதும், மற்ற வேளையில் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். வண்ணான் பிள்ளை வெளுக்கவும், அம்பட்டன் பிள்ளை சிரைக்கவுமா என்று நாடே கொதித்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து எதிர்த்தோம். 1954-ல் காமராஜர் வந்தவுடன் அது குழியில் போயிற்று. இன்றைக்கும் அதை மேடைமேடையாய்ச் சொல்லிப் பெருமைப்படுகிறோம்.

தோழர்களே! மேடையை விட்டு இறங்கி நம் வீட்டுக்குள் பாருங்கள். காலையில் தறி, மத்தியானம் பள்ளி. வெள்ளிக்கிழமை சந்தை, பள்ளிக்கு லீவு. கரும்பு வெட்டுக்குப் போனால் மூன்று மாதம் லீவு. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனால் ஆறு மாதம் லீவு. அன்று சர்க்கார் அரை நாள் படிப்பு என்று சொன்னபோது எதிர்த்த நாம், இன்று சர்க்கார் முழு நாள் படிப்பும், சோறும், புத்தகமும், துணியும் கொடுக்கும்போது, அதே அரை நாள் திட்டத்தை நம் வீட்டில் நாமே நடத்துகிறோம். இதில் ராஜாஜியைக் குற்றம் சொல்ல முடியுமா? 2016 சட்டத்திலும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவி செய்யலாம் என்று ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்தில் முதலில் நுழைகிறவர்கள் நாமாகவே இருக்கிறோம்.

"காமராஜர் படித்தாரா? படிக்காமலே நாட்டை ஆளவில்லையா?" என்று ஒரு தோழர் கேட்டு எழுதியிருக்கிறார். படிப்பைப் பாதியில் விட நேர்ந்த அந்த மனிதர், அதிகாரம் வந்தவுடன் தன்னைப் போல் எல்லோரும் இருக்கட்டும் என்று பள்ளிகளை மூடினாரா, ஊர்தோறும் திறந்தாரா? இழந்தவனுக்குத்தான் இழப்பின் அளவு தெரியும். நாமும் காலேஜைக் கண்டவர்களல்ல. பழைய பத்திரிகையிலும் படிப்பகத்திலும் பொறுக்கிச் சேர்த்ததுதான் நம் படிப்பு. சுவரேறிக் குதித்தவன் பிழைத்துக் கொண்டான் என்பதற்காக வீட்டுக்கு வாசற்படியே வேண்டாம் என்று யாராவது சொல்லுவார்களா?

செய்ய வேண்டியது என்ன?

பிள்ளை ஒரே நாளில் பள்ளியை விட்டுப் போவதில்லை. முதலில் திங்கட்கிழமை போகாது. பிறகு பரீட்சைக்கு முந்தின நாள் போகாது. பிறகு வாரத்தில் இரண்டு நாள். பிறகு ஒரு மாதம். கடைசியில் போகவே கூச்சம். 2020 மார்ச்சில் மூடின பள்ளிகள் சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அதற்குள் எத்தனை பிள்ளைகள் வேலைக்கும், எத்தனை பெண்கள் தாலிக்கும் போனார்கள் என்பது ஊரார் எல்லோருக்கும் தெரியும். ஆதலால் ஒரு மாதம் கழித்துத் தேடுவது பிணத்துக்கு வைத்தியம் செய்வது போலத்தான். மூன்றாம் நாளே தேட வேண்டும்.

யார் தேடுவது? ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோராகவும், பாதி பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கோயில் கமிட்டியில் இடம் கிடைக்கவில்லையென்று மண்டையை உடைத்துக் கொள்ளும் நம்மவர்கள், இந்தக் குழுவுக்குக் கூப்பிட்டால் கையெழுத்தை வீட்டுக்கே அனுப்பச் சொல்லுகிறார்கள். அங்கே போய் உட்காருங்கள். "மூன்று நாள் வராத பிள்ளைகள் யார்?" என்று வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். இரண்டு பேராக அந்த வீட்டுக்குப் போங்கள். புத்தி சொல்லப் போகாதீர்கள். காரணம் கேட்கப் போங்கள். பஸ் இல்லையா, கடனா, வாத்தியார் அடித்தாரா, எழுத்துக் கூட்டத் தெரியவில்லையா என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரம் உண்டு.

பிழைப்புக்கு வெளியூர் போகிற குடும்பமானால், எந்த ஊர்ச் சர்க்கார் பள்ளியும் பிள்ளையைச் சேர்த்துக் கொள்ள வேண்டும். டி.சி. இல்லை, பிறந்த தேதிச் சர்ட்டிபிகேட் இல்லை என்று 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. நடுவில் விட்ட பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. 10-ஆம் வகுப்பில் தோற்றால், சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு. ரிசல்ட் வந்த அன்றைக்கே பிள்ளையைத் திட்டுவதை விட்டு, தோற்ற பாடத்துக்குப் பணம் கட்டச் செய்யுங்கள். அந்த ஒரு கோடைகாலத்தில் வேலைக்குப் போன பையன் அனேகமாய்த் திரும்புவதில்லை. 8-ஆவதோ 10-ஆவதோ தேறினவனுக்குத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. 18 வயதாகாத பெண்ணுக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால், 1098-க்குப் போன் செய்யுங்கள். சொந்தக்காரர் கோபித்துக் கொள்வார்களே என்று பார்த்தால், அந்தப் பெண்ணின் கோபத்துக்கு யார் பதில் சொல்லுவது?

சர்க்காரிடத்திலும் நாம் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். கட்டாயக் கல்வி என்றால் பிள்ளையைக் கட்டி இழுத்து வருவது என்று பலர் நினைக்கிறார்கள். 2009 சட்டத்தின்படி, பிள்ளை சேர்வதையும், தவறாமல் வருவதையும், படித்து முடிப்பதையும் உறுதி செய்ய வேண்டிய கட்டாயம் சர்க்காருக்கே. அந்தக் கட்டாயத்தை 14-லிருந்து 18 வயதுக்கு உயர்த்த வேண்டும். சைக்கிளை 9-ஆம் வகுப்பிலேயே கொடுக்க வேண்டும். 9-க்கும் 10-க்கும் மாதப் பணம் கொடுக்க வேண்டும். பெண்கள் போகும் நேரத்துக்கு பஸ் விட வேண்டும். இவைகளைத் தீர்மானமாகப் போட்டு அனுப்பும்படி தலைவரவர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.

ஆனால் தீர்மானம் போட்டதோடு கடமை தீர்ந்ததென்று யாரும் கலைந்து விடாதீர்கள். நாளைக் காலையில் உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாமல் நிற்கும் பிள்ளை யார் என்று பாருங்கள். அதன் வீட்டுக் கதவைத் தட்டி, "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். "நின்னுட்டான்" என்று பதில் வந்தால் விடாதீர்கள், மறுபடியும் கேளுங்கள்.